புழுவுக்கு மென்ற சோறு

டாக்டர் வைகுண்டராஜின் கண்ணில் ஒரே ஒரு வயிறுதான் படும். அது கொசுப் புழுவின் வயிறு. சின்னமனூரைச் சுற்றி மண்ணீரல் வீங்கி, கவிழ்த்த சட்டி மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்த பிள்ளைகள் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். அந்த வயிறுகளை ஒருநாள் அமுக்கிப் பார்த்து, நோட்டில் குறித்து, நோட்டையும் மூடிவிட்டார். புழுவின் வயிறு என்றால் மட்டும் காலை எட்டு மணிக்கு மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் நிமிர்வார்.

"ஏண்ணே, இந்த மனுசன் கொசுவ ஒழிக்க வந்தாகளா, கொசு வீட்டுல பொண்ணு கேக்க வந்தாகளா?" என்று ராமுத்தாய் தவசியிடம் கேட்டாள். தவசி மருந்துப் பொடி தூவுகிற ஆள். சத்தமாகச் சிரித்தால் வேலை போய்விடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் அது. சின்னமனூருக்கு வெளியே ஒரு பழைய நெல் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து மலேரியா ஆபீஸ் என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே டாக்டர், தவசி, ராமுத்தாய், அப்புறம் வெள்ளைப் பீங்கான் தட்டுகளில் ஆயிரக்கணக்கான புழுக்கள். பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற வயல்களிலும் வாய்க்கால்களிலும் அகப்பையால் மொண்டு புழு பிடித்து வருவது ராமுத்தாயின் வேலை. கொண்டுவந்ததைத் தட்டில் விட்டு, தீனி போட்டு, தண்ணீர் மாற்றி வளர்க்க வேண்டும். டாக்டர் அறுத்து முடித்ததும் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி வைக்க வேண்டும். ஊரில் அவளைப் புழுக்காரி என்றார்கள். "ஆமா, புழுதான் வளக்கேன். உங்க வீட்டு ஆம்பளைகளவிட அதுக சொன்ன பேச்சுக் கேக்குதுக," என்பாள்.

வாய் அப்படி இருந்தாலும் வீட்டில் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. புருஷன் ஒச்சாண்டி மேகமலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய், குளிர் காய்ச்சலோடு இறங்கிவந்து பதினைந்தே நாளில் செத்துப்போனான். மிச்சம் இருந்தது ஆறு வயது மகள் ராஜாத்தி. அவளும் இரண்டு வருஷமாகக் கார்த்திகை பிறந்தால் படுத்துவிடுவாள். ஒருநாள் விட்டு ஒருநாள் பல் கிட்டிக்கிற குளிர், அப்புறம் நெருப்பாகக் காய்ச்சல். டாக்டர்தான் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "இன்னொரு வருஷம் இப்படி விழுந்தா தாங்காது," என்று சொன்னார். பஸ் இன்றைக்குத் தாமதம் என்று சொல்கிற குரலில் சொன்னார்.

அவள் குடியிருந்தது ஓடைக்கரைப்பட்டி. வாய்க்காலை ஒட்டி முப்பது குடிசைகள். அந்த வாய்க்காலில் தவசி பச்சைப் பொடி தூவ ஆரம்பித்த பிறகுதான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. டின்னில் பாரீஸ் கிரீன் என்று எழுதியிருக்கும். சரியான விஷம். ஒரு பங்கு பொடிக்கு நூறு பங்கு சலித்த ரோட்டுப் புழுதி கலந்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று தவசி வீசுவான். புழுதி லேசு, மேலாகவே மிதக்கும். காய்ச்சல் கொசுவின் புழுவோ தண்ணீரின் மேல்தோலை ஒட்டி மட்டமாகப் படுத்துக்கிடந்து, மேலே மிதப்பதை எல்லாம் வாரித் தின்னும். தின்றால் செத்தது. இதைவிட ஒழுங்கான ஏற்பாடு எந்த சர்க்கார் ஆபீசிலும் கிடையாது.

ஒழுங்காக நடக்கிற காரியத்தைக் கண்டால் சில பேருக்குக் கை அரிக்கும். வைகுண்டராஜுக்கு அரித்தது. தேனி பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பம். மகனை மதராஸில் டாக்டருக்குப் படிக்க வைத்தார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்க, தாம் மட்டும் நெல் கிட்டங்கியில் புழுவோடு கிடக்கிறோமே என்று அவருக்கு ஆறாத ஆத்திரம். புழுவை வைத்தே பெயர் வாங்கிவிடுவது என்று முடிவு கட்டினார்.

தின்றது செரிக்க எந்த வயிற்றிலும் ஒரு சாறு ஊற வேண்டும். இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட நொதி என்று சொல்கிறார்கள். டாக்டர் அதை 'பெர்மென்ட்' என்பார், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. புழுவின் வயிற்றில் எந்தச் சாறு, எவ்வளவு வேகத்தில் வேலை செய்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அந்த வயிற்றுக்குத் தோதான விஷத்தைச் செய்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. கணக்கில் தப்பில்லை. போட்டவர் கையில்தான் தப்பு.

சோதனை இதுதான். அரிசிக் கஞ்சித் தண்ணீரில் ஒரு சொட்டு டிஞ்சர் அயோடின் விட்டால் நீலமாகிவிடும். அதில் புழுக்களின் குடலை அரைத்த சாற்றை விட்டால், சாறு கஞ்சியைச் செரிக்கச் செரிக்க நீலம் வெளுத்துக்கொண்டே வரும். சீக்கிரம் வெளுத்தால் சாறு வலுவானது. மதராஸில் இதே சோதனையைச் செய்தவர்களுக்கு நீலம் வெளுக்க ஐம்பது நிமிஷம் ஆனதாகப் புத்தகத்தில் இருந்தது.

முதல் இரண்டு மாதம் வைகுண்டராஜுக்குச் சாறே கிடைக்கவில்லை. புழுவே இல்லையே! மதராஸிலிருந்து வந்த பிஸ்கட்டைப் பொடித்துத் தட்டில் போடச் சொல்லியிருந்தார். அது தண்ணீரில் ஊறி ஆடையாகக் கட்டிக்கொண்டது. புழுக்கள் மூச்சு முட்டிக் கூண்டோடு செத்தன. "உன் கை ராசி அப்படி," என்று டாக்டர் ராமுத்தாய் மேல் பாய்ந்தார். சர்க்கார் பிஸ்கட்டுக்கு ராசி உண்டு போலிருக்கிறது, அவள் கைக்குத்தான் இல்லை.

ராமுத்தாய் தட்டைப் பார்த்தாள். வாய் சிறுத்த சீவன், கட்டியாகப் போட்டால் எப்படித் தின்னும்? ராஜாத்திக்குப் பல் முளைக்காத நாளில், காய்ச்சலில் தொண்டை இறங்காத நாளில், அவள் என்ன செய்தாளோ அதையே செய்தாள். மடியில் கொண்டுவந்த சோற்றில் ஒரு வாய் எடுத்து, பாலாகக் கரையும் வரை மென்று, தட்டின் ஓரத்தில் வழிய விட்டாள். வாயில் மென்ற சோறு மாவு மாதிரி கட்டாது. தண்ணீரோடு தண்ணீராகப் பரவும். புழுக்கள் பிழைத்தன, ஒரே வாரத்தில் கொழுத்தும் விட்டன. காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளை அவள் மென்றாள். பிஸ்கட்டைத் தவசி தின்றான்.

அறுக்கிற நாளில் புழுவுக்குத் தீனி கூடாது, குடல் காலியாக இருக்க வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. அதைக் கேட்டதும் ராமுத்தாய்க்குச் சீ என்று ஆகிவிட்டது. கோயிலில் வெட்டப் போகிற கிடாய்க்குக்கூடக் குழை காட்டி, தண்ணீர் காட்டித்தான் வெட்டுவார்கள். சாகப் போவதைப் பட்டினி போட்டு அனுப்புகிற வழக்கம் அவள் பக்கத்தில் கிடையாது. அறுக்கிற அன்று விடியற்காலையில், மற்ற நாளைவிட ஒரு வாய் கூடுதலாகவே மென்று போட்டாள்.

புழுவை அறுப்பதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலச வேண்டும் என்று டாக்டரின் புத்தகத்திலேயே எழுதியிருந்தது. அலசினால் பாதிப் புழு தவறிப்போகிறது, வெயில் வேறு கொளுத்துகிறது. அலசவில்லை. தட்டுத் தண்ணீரோடு புழுவை வழித்தெடுத்து அறுத்து, அரைத்து, குழாயில் விட்டார். நாலே நிமிஷத்தில் நீலம் வெளுத்துவிட்டது!

மறுபடி செய்தார். நாலு நிமிஷம். மூன்றாம் தரமும் அதேதான். டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து கிட்டங்கிக்குள்ளேயே மூன்று சுற்று நடந்தார். கம்பம் பள்ளத்தாக்குக் கொசுப் புழுவுக்கு மதராஸ் புழுவைவிடப் பத்து மடங்குக்கும் மேலாகக் கஞ்சி செரிக்கிற வல்லமை இருக்கிறது! உலகத்தில் எவனும் காணாததை வைகுண்டராஜ் கண்டுவிட்டார். அந்தத் தட்டுத் தண்ணீரை மட்டும் தனியாக ஒரு குழாயில் விட்டுப் பார்ப்போம் என்று அவருக்குத் தோன்றவில்லை. பெயர் வாங்கத் துடிக்கிறவனுக்கு அதெல்லாம் தோன்றாது.

இரவும் பகலுமாகக் கட்டுரை எழுதி மதராஸுக்கு அனுப்பினார். கூடவே ஒரு புது மருந்துக்கும் அனுமதி வாங்கினார். கஞ்சி என்றால் உயிரை விடுகிற புழுவுக்குக் கஞ்சியிலேயே விஷம் வைப்பதுதான் முறை என்று, பச்சைப் பொடியைக் கஞ்சியில் போட்டுக் காய்ச்சி, உலர்த்தி, குருணையாக இடிக்கச் சொன்னார். பீங்கான் தட்டில் போட்டுப் பார்த்தார். புழு செத்தது. முதலில் எந்த வாய்க்காலில் தூவுவது என்று வரைபடத்தில் விரலை வைத்தார். விரல் ஓடைக்கரைப்பட்டியில் விழுந்தது. ஐப்பசியிலிருந்து அங்கே பச்சைப் புழுதி கிடையாது, கஞ்சிக் குருணைதான்.

பத்து நாளில் ராமுத்தாய் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, அந்தக் குருண முங்கிப் போகுதுய்யா. புழு மேல கெடக்கு, மருந்து அடியில கெடக்கு. எப்பிடித் திங்கும்?"

"தட்டுல செத்துச்சா இல்லையா?"

"தட்டு ஒரு வெரக்கடை ஆழம். அடியில மேஞ்சாலும் எட்டும். வாய்க்கா இடுப்பளவுய்யா."

"நீ எத்தனையாவது வரைக்கும் படிச்ச?"

"நான் படிக்கல. புழுவும் படிக்கலய்யா."

டாக்டருக்கு முகம் சிவந்தது. கதவைக் காட்டினார். அவர் வாய்க்காலைப் பார்க்க ஒருநாளும் வரவில்லை. வந்திருந்தால் தெரிந்திருக்கும். குருணை அடியில் ஊறிப் புளித்து, அந்தப் புளிப்பில் வாய்க்காலே பாசி பிடித்து, பாசியைத் தின்று புழுக்கள் முன்னைவிட மும்மடங்கு பெருகிக்கிடந்தன. சர்க்கார் செலவில் கொசுவுக்கு அன்னதானம் நடந்தது.

கார்த்திகை பிறந்த ஐந்தாம் நாள் ராஜாத்தி படுத்தாள். நாலு சாக்கைப் போர்த்தியும் குளிர் அடங்கவில்லை. பிள்ளை மேல் ராமுத்தாய் குப்புறப் படுத்து அமுக்கிக்கொண்டாள். பிள்ளையின் பல் அடித்துக்கொள்கிற சத்தம் அவள் மார்பில் கேட்டது. ஓடைக்கரைப்பட்டியில் இன்னும் பதினோரு பேர் படுத்தார்கள். குயினைன் மாத்திரைக்கு ஆபீசில் கேட்டாள். ஸ்டாக் இல்லை என்றார் டாக்டர். அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இந்த ஆளுடைய மூளையை அறுத்துக் குழாயில் விட்டால் என்ன நிறம் வரும் என்று யோசித்தாள்.

அந்த நேரத்தில்தான் மதராஸிலிருந்து பெரிய டாக்டர் துரை வரப்போவதாகக் கடிதம் வந்தது. பத்து மடங்குச் சாற்றைக் கண்ணால் பார்க்க வருகிறார். கிட்டங்கிக்கு வெள்ளை அடித்தார்கள். டாக்டருடைய வெள்ளைக் கோட்டு கஞ்சி போட்டு, தேய்த்து, அட்டை மாதிரி விறைப்பாக வந்தது. போட்டுப் பார்த்த அவசரத்தில் டிஞ்சர் புட்டியைத் தட்டிவிட்டார். கஞ்சி போட்ட துணியில் டிஞ்சர் பட்டால் கேட்கவா வேண்டும்? மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கறை.

"ஏம்மா, இதை உடனே போக்கு!" என்று கோட்டைக் கழற்றி அவளிடம் வீசிவிட்டு உள்ளே போனார்.

ராமுத்தாய் எல்லாப் பெண்பிள்ளைகளையும்போல, கட்டைவிரலில் எச்சிலைத் தொட்டுக் கறையில் தேய்த்தாள். தேய்த்த இடத்தில் நீலம் கத்தரிப்பூ நிறமானது. இன்னும் கொஞ்சம் எச்சில் வைத்தாள். கத்தரிப்பூ செம்மண் நிறமாகி, அதுவும் போய்த் துணி வெளுத்தது. அவள் கை நின்றது.

இந்த நிறமாற்றம் அவளுக்குப் புதிதா? எட்டு மாதமாகக் குழாய்களில் இதைப் பார்த்துக்கொண்டுதானே கழுவுகிறாள்! கழுவப் போட்டிருந்த குழாய் ஒன்றில் மிச்சமிருந்த நீலத் தண்ணீரைக் கிட்டங்கிக்குப் பின்னால் எடுத்துப்போய், உள்ளே துப்பினாள். நூறு எண்ணுவதற்குள் வெறும் தண்ணீர். புழுவும் இல்லை, குடலும் இல்லை. அவள் குழாயைப் பார்த்தாள், தட்டுகளைப் பார்த்தாள், மடியிலிருந்த சோற்றுப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது, ராஜாத்தியை நினைத்து வயிறும் எரிந்தது.

நேராக உள்ளே போய்ச் சொன்னாள். டாக்டர் முதலில் சத்தம் போட்டார். அப்புறம் சத்தம் நின்றது.

"மென்னு போட்டியா? எத்தனை தடவை?"

"மூணு வேளையும். அறுக்குற அன்னிக்கு விடியக்கருக்கல்லயும் ஒரு வாயி."

"அன்னிக்குப் பட்டினி போடச் சொன்னேனா இல்லையா?"

"சாகப் போற சீவன எப்பிடிய்யா பட்டினி போடுறது?"

வைகுண்டராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். மனுஷ எச்சிலில் கஞ்சியைச் செரிக்கிற சாறு இருக்கிறது என்பது டாக்டர் படிப்பில் முதல் வருஷப் பாடம். அவரும் எழுதித் தேறியவர்தான். இவளுடைய எச்சிலுக்குத்தான் இத்தனை பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம் என்று அவருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. முகம் வெளுத்ததில் தெரிந்தது. இனி என்ன, குருணையை நிறுத்திவிடுவார் என்றுதான் ராமுத்தாய் நினைத்தாள். அந்த அளவுக்கு அவரை மனுஷனாக மதித்தாள் என்பதை நினைத்துப் பின்னால் அவளே தலையில் அடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாத," என்றார் அவர். "பேப்பர் போயிருச்சு."

"பேப்பரு போனாப் போகுதுய்யா. பச்சப் பொடியத் தூவச் சொல்லுங்க. எம்புள்ள கெடக்கா, பதினோரு பேரு கெடக்காக."

"இப்ப நிறுத்துனா ஏன் நிறுத்துனன்னு கேப்பாக. துரை வந்து போகட்டும். தை மாசம் பாத்துக்கலாம்."

"தையில யாருக்குய்யா தூவுவீக? பொதச்ச எடத்துலயா?"

அவர் பீரோவைத் திறந்தார். ஸ்டாக் இல்லை என்று சொன்ன குயினைன் புட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். "உன் மகளுக்குக் கொடு. உன் வேலையும் இருக்கும். துரை முன்னால வாயைத் திறக்காத."

ராமுத்தாய் புட்டியை வாங்கிக்கொண்டாள். வாங்காமல் விடுவதற்கு அவள் என்ன பைத்தியமா? ஆனால் சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை.

துரை வந்த அன்று காலை அவள் வெற்றிலை போடவில்லை. வாயை இரண்டு தரம் நன்றாகக் கொப்பளித்துக்கொண்டாள். அன்று பொடி வேலை இல்லை, சும்மா வந்து நின்றால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்த தவசியிடம், "பொடி டின்னயும் ரெண்டு சட்டி தண்ணியும் வாசல்ல வச்சுக்கண்ணே," என்று சொன்னாள். எதற்கென்று அவன் கேட்கவில்லை.

துரை பனைமர உயரம். வேர்த்து வடிந்துகொண்டு, கையில் சங்கிலிக் கடிகாரத்தோடு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். மேஜையில் இரண்டு குழாய்கள், இரண்டிலும் நீலக் கஞ்சித் தண்ணீர். ஒன்றில் புழுச் சாறு விடுவது, மற்றது ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே இருப்பது. வைகுண்டராஜின் கோட்டில் கறை இல்லை. அவர் சாற்றை விட்டார். நாலு நிமிஷம். முதல் குழாய் வெளுத்தது. துரை தலையை ஆட்டி ஏதோ நல்ல வார்த்தை சொன்னார். டாக்டர் உள்ளங்கையை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டார்.

துரை தட்டுகளைப் பார்த்தார், ராமுத்தாயைப் பார்த்தார், இங்கிலீஷில் கேட்டார். இவற்றுக்கு என்ன தீனி போடுகிறாய் என்று துரை கேட்பதாக டாக்டர் தமிழில் சொன்னார். சொல்லும்போதே கண்ணால் அவளை முறைத்தார்.

"சோத்த மென்னு போடுறேன்னு சொல்லுங்கய்யா," என்றாள் அவள்.

டாக்டர் துரையின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் நீளமாகச் சொன்னார். ராமுத்தாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பிஸ்கட் என்ற சொல் தெரியும். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து இரண்டு தரம் வந்தது. துரை திருப்தியாகத் தலையாட்டினார்.

அடப்பாவி, என் வார்த்தையையும் தின்றுவிட்டாயே என்று அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. இனி இந்த ஆளை நடுவில் வைத்துக்கொண்டு பேசிப் பயனில்லை. இரண்டே எட்டில் மேஜைக்கு வந்தாள். நீலமாக இருந்த இரண்டாவது குழாயை எடுத்தாள். துரை முகத்துக்கு நேராகப் பிடித்து, குறி பார்த்து, வாய் நிறைய உள்ளே துப்பினாள்.

"ஏய்!" என்று வைகுண்டராஜ் கத்திக்கொண்டு குழாயைப் பிடுங்கப் பாய்ந்தார். அவருடைய சொந்தப் பாட்டனார் முகத்தில் துப்பியிருந்தால்கூட அவ்வளவு பதறியிருக்க மாட்டார். அவள் விடவில்லை. துரை ஒரு கையை உயர்த்தி டாக்டரை நிறுத்தினார். மறு கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீலம் கத்தரிப்பூவானது. செம்மண்ணானது. ஒன்றரை நிமிஷத்தில் வெறும் தண்ணீரானது.

ராமுத்தாய் மடியிலிருந்து சோற்றை எடுத்து வாயில் போட்டாள். துரை பார்க்க மென்றாள். தட்டின் ஓரத்தில் வழிய விட்டாள். புழுக்கள் வழக்கம்போல அதை நோக்கி நெளிந்து வந்தன.

"சோறு?" என்றார் துரை. அவருக்குத் தெரிந்த பத்துத் தமிழ்ச் சொல்லில் அது ஒன்று.

"சோறு," என்றாள் அவள்.

துரை எழுந்து கோட்டைக் கழற்றினார். தட்டுத் தண்ணீரை மட்டும் ஒரு குழாயில் விடச் சொன்னார். நாலு நிமிஷத்தில் வெளுத்தது. புழுக்களைத் தம் கையாலேயே பத்துத் தண்ணீரில் அலசி, அறுத்து, அரைத்து, விட்டார். எல்லோரும் நின்றார்கள். கடிகாரம் ஓடியது. ஐம்பது நிமிஷம். மதராஸ் புழு எப்படியோ சின்னமனூர்ப் புழுவும் அப்படியே. வைகுண்டராஜின் கழுத்து வேர்வையில் கோட்டின் கஞ்சி இளகிக் காலர் மடங்கிக் கிடந்தது.

அவள் அத்தோடு விடவில்லை. தவசி இரண்டு சட்டிகளை உள்ளே கொண்டுவந்து வைத்தான். ஒன்றில் அவள் கஞ்சிக் குருணையைப் போட்டாள். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. மற்றதில் தவசி பச்சைப் புழுதியைத் தூவினான். தண்ணீர் மேல் மெல்லிய பச்சைத் தோலாகப் படர்ந்து நின்றது. துரை குனிந்து இரண்டையும் பார்த்தார். அப்புறம் வைகுண்டராஜைப் பார்த்து இங்கிலீஷில் ஒரே ஒரு வரி சொன்னார். அதை அவளுக்கு யாரும் தமிழில் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

நாலு நாள் கழித்து ஆபீஸ் காகிதம் வந்தது. தவசி எழுத்துக் கூட்டி வாசித்தான். சர்க்கார் கண்ணாடிக் குழாயில் எச்சில் துப்பிய குற்றத்துக்காக ராமுத்தாயை வேலையிலிருந்து நீக்கியிருந்தது. டாக்டர் வைகுண்டராஜைக் கோயம்புத்தூர்ப் பக்கம் மாற்றியிருந்தது, உத்தியோகத்தில் ஒரு படி மேலே. சோதனை பிசகியதற்குக் காரணமும் எழுதியிருந்தது: ஸ்தல அசுத்தம்.

"அது யாருண்ணே?" என்றாள் ராமுத்தாய்.

தவசி தலையைக் குனிந்துகொண்டான். "நீதான் ஆத்தா."

அவள் காகிதத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்தாள். எட்டு மாதம் மூன்று வேளையும் தன் வாய்ச் சோற்றை மென்று ஊட்டியவளுக்கு சர்க்கார் வைத்த பெயரைப் பார்த்தாள். "கைநாட்டு வைக்கணுமா?" என்று கேட்டாள். வைக்க வேண்டும் என்றான். மை தடவி, காகிதத்தின் நடுவில், எழுத்தின் மேலேயே அழுத்தி வைத்தாள். "இதயும் ஸ்தல அசுத்தம்னு எழுதச் சொல்லு," என்றாள்.

"பச்சப் பொடி எப்பண்ணே?"

"திங்கக்கெழம."

திங்கட்கிழமை காலை தவசி சொன்னபடி வந்தான். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று வாய்க்காலில் வீசினான். ராமுத்தாய் கரையில் குத்தவைத்துப் பார்த்தாள். பக்கத்தில் ராஜாத்தி சாக்கைப் போர்த்திக்கொண்டு அவள் மேல் சாய்ந்திருந்தாள். அன்று பிள்ளைக்குக் குளிர் வரவேண்டிய முறை. பொழுது ஏறியும் வரவில்லை. அந்த ஆள் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்த மாத்திரைதான் என்று ராமுத்தாய்க்குத் தெரியும். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல அவள் மனதில் இடமில்லை. புட்டியில் இருந்ததை அவள் தெருவுக்கும் பங்கு வைத்தாள், அப்படியும் பதினோரு பேரில் இரண்டு பேருக்கு மாத்திரை எட்டவில்லை. இரண்டும் பிள்ளைகள். இதே கரையில், கொஞ்சம் தள்ளி, மண் இன்னும் ஈரமாக இருந்தது.

புழுக்கள் மட்டமாகப் படுத்து, பச்சைத் தோலை வாரி வாரித் தின்றன.

"ஆத்தா, அதுக சாகுதா?" என்றாள் ராஜாத்தி.

"ஆமா."

"அதுகளுக்கு நீ சோறு போடலயா?"

ராமுத்தாய் ஈர மண்ணைப் பார்த்தாள். மடியில் சோறு இருந்தது. எடுத்தாள், ஒரு வாய் மென்றாள். நன்றாக, பாலாகக் கரையும் வரை மென்றாள். மென்றதை மகளின் வாயில் ஊட்டினாள்.